கடற்பறவைகளின் பழைய எலும்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்பறவைகளைக் கூடு கூடாகப் போய் எண்ணும் வழக்கம் பெரும்பாலான தீவுகளில் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. வேட்டையும், கப்பலேறி வந்த எலியும் பூனையும் அதற்குள் செய்ய வேண்டிய சேதத்தைச் செய்து முடித்திருந்தன. "முன்பெல்லாம் எவ்வளவு இருந்தன தெரியுமா" என்று நாம் பெருமூச்சு விடுகிற அந்த 'முன்பு', உண்மையில் மிகவும் பிந்திய முன்பு. அதற்கும் முந்தியதைத் தெரிந்துகொள்ள எலும்புகளிடம்தான் போக வேண்டும். அவை சில கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்கின்றன; சிலவற்றுக்கு வாய் திறப்பதே இல்லை.

பழைய எலும்பு என்றால் கல்லாகிப்போன எலும்பா?

பெரும்பாலும் இல்லை. இந்தத் துறையில் அதிகம் பேசப்படுபவை கடந்த சில ஆயிரம் ஆண்டுகளைச் சேர்ந்த, இன்னும் எலும்பாகவே இருக்கிற எலும்புகள். அவற்றில் கொலாஜன் என்ற புரதம் எஞ்சியிருக்கும்; அதிர்ஷ்டம் இருந்தால் டி.என்.ஏ. துணுக்குகளும் கிடைக்கும். முழுக்கக் கல்லாகிவிட்ட புதைபடிவத்தில் வடிவம்தான் மிஞ்சும்.

வயதைவிடக் கிடந்த இடமே முக்கியம். அமிலத்தன்மை உள்ள மண் சில நூறு ஆண்டுகளிலேயே எலும்பைத் தின்றுவிடும். சிப்பித் தூள் கலந்த சுண்ணாம்பு மணலிலும், உலர்ந்த குகையிலும், அண்டார்க்டிகாவின் உறைபனி மண்ணிலும் அதே எலும்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கும்.

எங்கே கிடைக்கின்றன?

மனிதர்கள் தின்றுவிட்டு எறிந்த குப்பைமேடுகளில்தான் ஏராளமாகக் கிடைக்கின்றன. மீன்முள், சிப்பி ஓடு, அடுப்புக்கரி ஆகியவற்றோடு பறவை எலும்புகளும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அடுத்தது, பறவைகள் தாமாக விழுந்து வெளியேற முடியாமல் போன சுண்ணாம்புப் பள்ளங்களும் எரிமலைக் குழம்பு ஓடி உண்டான குகைகளும். மூன்றாவதாக, பறவைகள் கைவிட்டுப் போன பழைய கூடமைவிடங்கள். அண்டார்க்டிகாவின் ராஸ் கடற்கரையில் பென்குவின்கள் கூடு கட்டக் கொண்டுவந்து குவித்த கூழாங்கல் மேடுகளைத் தோண்டினால், பல தலைமுறைகளின் எலும்பும் முட்டையோடும் எச்சமும் கிடைக்கின்றன.

ஆந்தைகளையும் மறந்துவிடக் கூடாது. சிறிய கடற்பறவைகளைப் பிடித்துத் தின்று, செரிக்காத எலும்புகளை உருண்டையாகக் கக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. மனிதர் பார்வையில் படாத அளவுக்குச் சிறிய பறவைகளின் எலும்புகளை அந்த உருண்டைகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

ஒரு துண்டு எலும்பை வைத்து இன்ன பறவை என்று சொல்லிவிட முடியுமா?

துண்டைப் பொறுத்தது. மேல்கை எலும்பின் முனையோ தோள்பட்டையோடு சேரும் எலும்போ கிடைத்தால், பழகிய கண்ணுக்குப் பேரினமாவது தெரிந்துவிடும். அருங்காட்சியகத்தில் உள்ள இன்றைய பறவைகளின் எலும்புக்கூடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் ஷியர்வாட்டர், பெட்ரல் என்னும் கடற்பறவைக் குடும்பங்களில் ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போன்ற இனங்கள் பல இருக்கின்றன. அங்கே கண்ணை நம்பினால் ஏமாற்றம்தான். கொலாஜனின் அமைப்பை வைத்தோ டி.என்.ஏ.வை வைத்தோதான் முடிவுக்கு வர வேண்டும்.

எலும்பு கிடைத்த இடத்தில் அந்தப் பறவை கூடு கட்டியது என்று சொல்லலாமா?

அவசரப்படக் கூடாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் போர்ட் ஓ ஷுவா என்ற இடத்தில், ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் பழமையான ஒரே சவக்குழியில் இன்று அழிந்துவிட்ட கிரேட் ஆக் என்ற கடற்பறவையின் 200-க்கும் மேற்பட்ட அலகுகள் கிடைத்தன. புதைக்கப்பட்டவர் அலகுகள் தைத்த மேலாடை ஒன்றை அணிந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம். அந்தப் பறவைகளை எங்கே பிடித்தார்கள் என்பதைக் குழி சொல்லவில்லை. மனிதர் கை பட்ட எலும்பு நெடுந்தூரம் பயணம் செய்திருக்கலாம்.

கூடு இருந்ததற்கு நம்பகமான சான்றுகள் இரண்டு. ஒன்று, குஞ்சுகளின் எலும்பு: முனைகள் இறுகாமல் நுண்துளைகளோடு இருக்கும். பறக்கத் தெரியாத குஞ்சு கடல் கடந்து வந்து சாகாது. மற்றொன்று, முட்டையிடும் பருவத்தில் பெண் பறவையின் எலும்புக்குள் சில வாரங்கள் மட்டும் உருவாகும் தனி அடுக்கு. முட்டையோட்டுக்கு வேண்டிய கால்சியத்தை உடல் அங்கே சேர்த்துவைக்கிறது. உடைந்த எலும்பின் உட்புறத்தில் அந்த அடுக்கு தெரிந்தால், முட்டையிடும் காலத்தை ஒட்டி இறந்த பறவை என்று துணிந்து சொல்லலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சான்று இதுதான்.

அப்படியானால் எத்தனை பறவைகள் இருந்தன என்று கணக்குப் போட்டுவிடலாம், இல்லையா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். எலும்புகள் மிக மோசமாகப் பதில் சொல்வதும் இதற்குத்தான்.

ஒரு குழியில் இடப்பக்க மேல்கை எலும்புகள் 40 கிடைத்தால், குறைந்தது 40 பறவைகள் என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு பறவைக்கு இடக்கை ஒன்றுதானே. ஆனால் அந்த 40 பறவைகள் ஒரே இரவு வேட்டையில் விழுந்தவையா, 500 ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவையா? இரண்டு பதிலுக்கும் குழியின் தோற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுவதும் ஒரே சூட்டில் வெந்திருந்தால்தான் அது செல்லும். எலும்புக் குவியல் அப்படிப்பட்ட பானை அல்ல. ஆழத்தில் மூழ்கி இரை தேடும் பறவைகளுக்கு எலும்புச் சுவர் தடிமனாக இருக்கும். பென்குவினும் கிரேட் ஆக்கும் அதனால் மண்ணில் நிலைத்தன. பறப்பதற்கென்றே உடலெடையைக் குறைத்துக்கொண்ட ஃபிரிகேட் பறவையின் எலும்பு எளிதில் நொறுங்கும். பறக்க முடியாத பறவையை வேட்டைக்காரர் முதலில் பிடித்திருப்பார். கடைசியில் தோண்டுபவரின் சல்லடை வேறு: கண் பெரிதாக இருந்தால் புயற்பெட்ரல் போன்ற சிறு பறவைகளின் எலும்பெல்லாம் கழிவு மண்ணோடு போய்விடும். பழைய அகழாய்வு அறிக்கை ஒன்றில் சிறு பறவைகளே இல்லை என்று கண்டால், நான் முதலில் தேடுவது சல்லடையின் அளவைத்தான்.

நம்பிக்கையோடு செய்யக்கூடியது ஒப்பீடு. ஒரே இடத்தில், ஒரே முறையில் தோண்டிய அடுக்குகளை அடியிலிருந்து மேலாகப் படித்தால், எந்த இனம் எந்தக் காலத்தில் அருகியது, அதன் இடத்துக்கு எது வந்தது என்று தெரியும். பசிபிக்கில் உள்ள ஈஸ்டர் தீவின் அனகேனா மணற்பரப்பில் ஆய்வாளர் டேவிட் ஸ்டெட்மன் தோண்டியெடுத்த எலும்புகளின்படி, ஒரு காலத்தில் அங்கு குறைந்தது 25 வகைக் கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கலாம். இன்று அவற்றில் பெரும்பாலானவை அங்கு இல்லை. எஞ்சியவற்றில் பல கரையை ஒட்டிய பாறைத்தீவுகளில் ஒண்டியிருக்கின்றன. இங்கே எத்தனை பறவைகள் என்ற எண்ணே இல்லை. எத்தனை வகைகள் என்பதுதான் இருக்கிறது. என்ன நடந்தது என்று புரிய அதுவே போதும்.

இனி எங்காவது "அந்தத் தீவில் கோடிக்கணக்கில் இருந்தன" என்று எலும்பை மேற்கோள் காட்டிப் படித்தால், எதை எதால் பெருக்கினார்கள் என்று கேளுங்கள்.

டி.என்.ஏ. எடுத்தால் எண்ணிக்கை தெரியாதா?

ஓரளவு. பறவைகளுக்கிடையே உள்ள மரபணு வேறுபாட்டை வைத்து, இனப்பெருக்கத்தில் பங்கெடுத்த கூட்டம் பெரியதா சிறியதா, காலப்போக்கில் சுருங்கியதா என்று மதிப்பிடலாம். அதைத் தலைக்கணக்கு என்று எண்ணிவிடக் கூடாது. கடற்பறவைகள் நீண்ட காலம் வாழ்பவை. திடீர் வீழ்ச்சி மரபணுவில் பதிவாகப் பல தலைமுறைகள் பிடிக்கும்.

கிரேட் ஆக் இதற்குத் துயரமான எடுத்துக்காட்டு. வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த, பறக்க இயலாத இந்தப் பறவையின் கடைசி இணை 1844 ஜூன் மாதம் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே பாறைத்தீவில் கொல்லப்பட்டது. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, கடலின் இரு கரைகளிலும் கிடைத்த 41 பறவைகளின் தாய்வழி மரபணுத் தொகுதியைப் படித்தது. தீவிர வேட்டை தொடங்கும் முன்பே இனம் தேய்ந்துகொண்டிருந்ததற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. வேறுபாடு செழிப்பாக இருந்தது. அதாவது, உடல்நலத்தோடு இருந்த ஓர் இனத்தை முடிக்க வேட்டை ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். "எப்படியும் அழியவேண்டிய பறவைதானே" என்ற பழைய சமாதானம் இதோடு போயிற்று.

எலும்பு நம் எண்ணத்தைத் தலைகீழாகப் புரட்டிய சம்பவம் உண்டா?

நியூசிலாந்தின் மஞ்சள்கண் பென்குவின். தெற்குத் தீவின் கரையில் இதன் எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்த்தவர்கள், முன்பு பெருகிக் கிடந்த ஓர் இனத்தின் மிச்சம் இது என்றே நினைத்தார்கள். பழங்கால எலும்புகள் கரையெங்கும் கிடைத்தன அல்லவா? அந்தப் பறவைதானே அது?

அது அந்தப் பறவை இல்லை. 2009-இல் வெளியான மரபணு ஆய்வு, அந்தப் பழைய எலும்புகள் அதுவரை யாருக்கும் தெரியாத வேறோர் இனத்தினுடையவை என்று காட்டியது. மஞ்சள்கண் பென்குவினைவிடச் சற்றுச் சிறியது. வைட்டாஹா பென்குவின் என்று பெயரிட்டார்கள். பாலினேசியர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய பின் சில நூற்றாண்டுகளுக்குள் அது மறைந்துவிட்டது. காலியான கரைக்குத் தெற்கே, குளிர்ந்த தீவுகளிலிருந்து மஞ்சள்கண் பென்குவின் வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

ஆக, பழைய குடித்தனக்காரர் என்று நாம் மரியாதை செய்துகொண்டிருந்தவர் புதிதாகக் குடிவந்தவர். உண்மையான பழைய குடித்தனக்காரர் போன தடம்கூட யாருக்கும் நினைவில்லை. கண்ணால் பார்த்து ஒன்றென்று எண்ணிய எலும்புகளை மறுபடி எடுத்துச் சோதிக்காமல் இருந்திருந்தால், இது ஒருபோதும் தெரிந்திருக்காது.

பறவை என்ன தின்றது என்று எலும்பு எப்படிச் சொல்லும்?

நைட்ரஜனில் எடை கூடிய அணுக்களும் குறைந்த அணுக்களும் உண்டு. இவற்றை ஐசோடோப்புகள் என்கிறோம். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உடலில் எடை கூடிய நைட்ரஜனின் பங்கு சற்றே உயர்கிறது. மிதவையுயிரைத் தின்னும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைவிட, அதைத் தின்னும் மீனிலும், மீனைத் தின்னும் பறவையிலும் அது கூடுதல். எலும்பின் கொலாஜனில் பதிவாவது ஒரு நாள் உணவல்ல, நெடுங்கால உணவின் சராசரி.

ஹவாய் பெட்ரலில் இதைச் செய்து பார்த்தார்கள். இரை தேடி ஒரே பயணத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும் பறவை அது. பசிபிக்கின் பெரும்பகுதியைத் தன் எலும்பில் சுமக்கிறது எனலாம். 3,000 ஆண்டுகளுக்கும் மேலான எலும்புகளையும் இன்றைய இறகுகளையும் வைத்துப் பார்த்ததில், நைட்ரஜன் அளவு நெடுங்காலம் ஏறத்தாழ நிலையாக இருந்து, அண்மைய நூற்றாண்டில் இறங்கியிருந்தது. பறவைகள் உணவுச் சங்கிலியில் கீழே இருக்கும் இரைக்கு இறங்கிவிட்டன என்பதே 2013-இல் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். பெரிய வணிக மீன்பிடிப்பு பசிபிக்கில் பரவிய காலமும் அதுவே.

கடல்நீரின் அடிப்படை நைட்ரஜனே மாறியிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. சில அமினோ அமிலங்கள் கடலின் அடிப்படை அளவை அப்படியே வைத்திருக்கும். சில, படி ஏறும்போது மாறும். இரண்டையும் தனித்தனியே அளந்து அந்தச் சந்தேகத்தையும் சோதித்தார்கள்.

அண்டார்க்டிகாவின் அடேலி பென்குவினில் எலும்புக்குப் பதில் முட்டையோடு உதவியது. 38,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லும் அந்த வரிசையில், கடந்த சுமார் 200 ஆண்டுகளில் உணவு மீனிலிருந்து கிரில்லுக்குச் சட்டென்று மாறியதாகத் தெரிந்தது. கிரில்லைத் தின்ற திமிங்கலங்களையும் கடல்நாய்களையும் மனிதர் கொன்று குவித்ததால் மிஞ்சிய கிரில் பென்குவினுக்குக் கிடைத்தது என்பது 2007-இல் ஆய்வாளர்கள் ஸ்டீவன் எம்ஸ்லியும் வில்லியம் பேட்டர்சனும் முன்வைத்த கருத்து. கருத்து என்பதை அடிக்கோடிடுகிறேன். அளவு உறுதி, காரணம் விவாதத்துக்குரியது.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

ரேடியோ கார்பன் முறையில், சுமார் 50,000 ஆண்டுகள் வரை. கடற்பறவைகளில் ஒரு பொறி இருக்கிறது. ஆழ்கடல் நீரில் கரைந்துள்ள கார்பன் பழையது. அது மிதவையுயிர், மீன் வழியாகப் பறவையின் எலும்புக்குள் வந்துவிடும். அதனால் நேற்று இறந்த கடற்பறவையின் எலும்புகூடச் சராசரியாக 400 ஆண்டுகள் பழையதாகத் தோன்றும். அண்டார்க்டிகக் கடலில் இந்தப் பிழை 1,000 ஆண்டுகளைத் தாண்டும். திருத்தம் செய்யாமல் தேதி போட்டால், எலி வருவதற்கு முன்பே பறவை அழிந்துவிட்டது என்று எழுதிவிட்டு, குற்றவாளியை விடுதலை செய்துவிடுவோம். கடற்பறவைகளைத் தின்றே வளர்ந்த எலியாக இருந்தால் அதன் எலும்பிலும் இதே பிழை இருக்கும் என்பது கூடுதல் தலைவலி.

எல்லா அழிவுக்கும் மனிதர்தான் காரணமா?

இல்லை. அட்லாண்டிக்கில் உள்ள பெர்முடாவில் குறுவால் அல்பட்ராஸ் பறவையின் எலும்புகளும், குஞ்சுகளும், முட்டைகளும் கிடைத்திருக்கின்றன. இன்று அந்தப் பறவை கூடு கட்டுவது பசிபிக்கில்தான்; அட்லாண்டிக்கில் ஒன்றுகூட இல்லை. அந்த எலும்புகள் சுமார் 4 லட்சம் ஆண்டுகள் பழையவை. கடல்மட்டம் இன்றைவிட 20 மீட்டர் அளவுக்கு உயர்ந்து கூடமைவிடத்தை மூழ்கடித்தது என்பது ஆய்வாளர்கள் ஸ்டோர்ஸ் ஓல்சன், பால் ஹார்ட்டி இருவரின் கணிப்பு. அப்போது அங்கே மனிதர் யாரும் இல்லை.

கண்ணாடி நீர்க்காகத்தின் கதை இரண்டும் கலந்தது. 1741-இல் வட பசிபிக்கின் பேரிங் தீவில் இயற்கையியலாளர் ஸ்டெல்லர் கண்டு விவரித்த இந்தப் பறவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேட்டையால் அழிந்தது. அந்தத் தீவுக்கே உரிய பறவை என்றே நினைத்திருந்தார்கள். ஜப்பானில் கிடைத்த சுமார் 1,20,000 ஆண்டுகள் பழைய எலும்புகள் 2018-இல் அடையாளம் காணப்பட்டபோது, அது முன்பு பரவலாக வாழ்ந்து, இயற்கையான காரணங்களால் ஒரு தீவுக்குள் ஒடுங்கிய இனம் என்று தெரிந்தது. மனிதர் முடித்தது கடைசி அத்தியாயத்தை.

மனிதர் வந்தால் உடனே அழிவு என்ற சூத்திரமும் செல்லாது. கலிபோர்னியக் கரையில் வாழ்ந்த, பறக்காத கடல்வாத்து ஒன்றை மனிதர்கள் 8,000 ஆண்டுகளுக்கு மேல் வேட்டையாடிய பிறகே அது ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. எனினும் தீவுகளில் வழக்கமான கதை விரைவானது. பெட்ரல்கள் ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகின்றன, பல ஆண்டுகள் கழித்தே இனப்பெருக்கம் தொடங்குகின்றன, மண்வளையில் குஞ்சை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகின்றன. எலிக்கு இதைவிட வசதி வேண்டுமா?

இதனால் இன்றைய பறவைகளுக்கு என்ன பயன்?

பிழைத்திருக்கும் இடத்தை இயல்பான இடமென்று நினைத்துவிடும் தவறிலிருந்து எலும்புகள் காப்பாற்றுகின்றன. ஹவாயின் பெரிய தீவில் ஹவாய் பெட்ரல் இன்று மௌனா லோவா எரிமலையின் வறண்ட உயர்சரிவுகளில் கூடு கட்டுகிறது. பார்ப்பவர் மலைப்பறவை என்றே சொல்வார். ஆனால் ஓவாஹு தீவின் கடலோரச் சமவெளியில் அதன் எலும்புகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அது மலையை விரும்பி ஏறவில்லை. தாழ்நிலத்தில் இருந்தவை அழிய, மேலே இருந்தவை தப்பின.

பெர்முடாவின் கஹாவ் பெட்ரலும் அப்படியே. 1620-களுக்குப் பின் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1951-இல் சில பாறைத்தீவுகளில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே பாறை இடுக்குகளில் முட்டையிட்டு, வளைக்காக வெண்வால் டிராபிக் பறவையோடு போராடி, புயல் அலைக்குப் பயந்து வாழ்ந்தது. தலைமைத் தீவின் குகைகளில் கிடந்த எலும்புகளும் பழைய பதிவுகளும், மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த பறவை அது என்று காட்டின. ஆகவே பாறையை மட்டும் காவல் காத்துக்கொண்டிருக்காமல், மண்ணும் மரமும் உள்ள நான்சச் தீவுக்கு 2004 முதல் குஞ்சுகளைக் கொண்டுபோய்ச் செயற்கை வளைகளில் வளர்த்தார்கள். 2009-இல் அங்கே ஒரு கஹாவ் குஞ்சு பிறந்தது. அந்தத் தீவில் ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பின் முதல் குஞ்சு.

ஆய்வுக்காக எலும்பை அழித்துவிடுகிறார்களா?

கொஞ்சம் அழியும். துளையிட்டுத் தூள் எடுக்க வேண்டும். அதனால் முதலில் அளந்து, படமெடுத்து, தேவைப்பட்டால் அச்சு வார்த்துக்கொள்வார்கள். இனமறியப் பயன்படாத துண்டு இருந்தால் அதில்தான் முதல் துளை.

கடற்கரையில் பழைய எலும்பு தென்பட்டால் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள். எந்த அடுக்கில், எதற்கு அருகில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால், மிஞ்சுவது மேசை மேல் வைக்கும் ஒரு எலும்பு.